வராத புண்ணுக்கு வைத்தியம்

“ஆ காட்டுங்க சார். சொல்லி அஞ்சு நிமிஷம் ஆச்சு!”

தையல்காரர் வாயைத் திறந்தார். நர்ஸ் லேசர் முனையைக் கன்னத்தின் உட்புறம் கொண்டுபோவதற்குள் சட்டென்று மூடிக்கொண்டார்.

“புண்ணே வரலியே சிஸ்டர். வராத புண்ணுக்கு எதுக்கு வைத்தியம்?”

“வரக்கூடாதுன்னுதான் வைத்தியம்!”

பதினெட்டு நாளாக இதே கேள்வி, இதே பதில். தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஒவ்வொரு நாளும் முதலில் இந்த அறைக்கு வந்து வாய்க்குள் லேசர் ஒளி காட்டிக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சில் வாய் வெந்து புண்ணாகிவிட்டால் தண்ணீர்கூட இறங்காது. சிகிச்சையே பாதியில் நின்றுபோகும். எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

“நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க சிஸ்டர்.” பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற அம்மாள் ஆரம்பித்தாள். “நேத்து பஸ்ல போறப்ப கடையை எட்டிப் பார்க்கிறேன், உதட்டுல குண்டூசியைக் கவ்விக்கிட்டுத் தைக்கிறார்! ஒரு கீறல் பட்டா என்ன ஆகும்?”

“முப்பது வருஷமா அப்படித்தான் தைக்கிறேன். உனக்கென்ன?”

“எனக்கென்னவா? உப்புத் தண்ணில கொப்பளிச்சீங்களா? வாங்கிக் கொடுத்த மெத்துன்னு இருக்கிற பல் பிரஷ் உறைகூடப் பிரிக்காமக் கிடக்கும்!”

“கொப்பளிச்சேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணிக்கிட்டா கொப்பளிப்பாங்க?”

அவர் பேசப் பேச வாய் திறந்து திறந்து மூடியது. நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது.

“போதும்! ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கீங்களா ரெண்டு பேரும்? இது ஆஸ்பத்திரி. புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்ல போய் வச்சுக்கங்க!”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாள் மெல்ல வாய் திறந்தாள்.

“எந்த வீட்ல சிஸ்டர்? கோர்ட்டுல எங்களைப் பிரிச்சுவிட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. இவர் ஊருக்கு அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. இவரோட சண்டை போட எனக்கு இந்த ரூமை விட்டா வேற எடம் ஏது?”