மீட்டருக்கு மட்டும் நல்ல தண்ணீர்

கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீட்டர் 410 காட்டியது. 2100 வரை அனுமதி உண்டு.

திருப்பதியிலிருந்து வந்திருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஹரிபாபு அதை எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"ஆச்சா சார்?" என்றார் தனசேகர் மாமா. என் அக்கா புருஷன். ஆந்திர எல்லையில், நகரியில் இந்தச் சாயப்பட்டறை அவருடையது. அதன் மேல் புகார் கொடுத்தவன் நான்.

வாசலில் விசைத்தறிக்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். பட்டறையை மூடினால் அவர்களுக்குச் சாய நூல் கிடையாது. நான் உள்ளே வரும்போது யாரும் வழிவிடவில்லை. இப்போது என் பைக்கின் இரண்டு டயரிலும் காற்று இல்லை.

"நேவில நாட்டக் காப்பாத்தினவன் இப்போ கப்பல்ல கக்கூஸ் தண்ணி அளந்துக்கினு கீறான். லீவு வுட்டா இங்க வந்து அளக்குறான்," என்றார் மாமா வாசலைப் பார்த்து.

சிரித்தார்கள். அக்கா ரூபாவும் சிரித்தாள், என்னைப் பார்க்காமல்.

சொன்னதில் பொய் இல்லை. கடற்படையில் பதினைந்து வருடம் என்ஜின் அறை. ஆறு வருடமாக உல்லாசக் கப்பலில் சுற்றுச்சூழல் அதிகாரி. மூவாயிரம் பயணிகள் கழுவியதும் கழித்ததும் எப்படிக் கடலுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் இரண்டு மாதமாக ரோஜா நிறத்தில் வருகிறது. என் மகள் ரேஷ்மாவின் கையெல்லாம் கொப்புளம். மீட்டரை நம்பி அதிகாரி வண்டியேறிவிட்டால் தண்ணீர் அப்படியேதான் வரும்.

"மீட்டர் பொய் சொல்லல சார். அது, தான் குடிக்கிற தண்ணியச் சொல்லுது. யாரு ஊத்துறாங்கன்னு பாக்கணும்," என்றேன்.

எனக்கு விளக்கப் பிடிக்கும். விளக்கினேன்.

கப்பலின் அடித்தளத்தில் எண்ணெய் கலந்த நீர் சேரும். எண்ணெயைப் பிரித்து நீரை வெளியே விடும் குழாயில் ஒரு மீட்டர் இருக்கும். பத்து லட்சம் பங்கில் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய் தெரிந்தால், வால்வு திரும்பி, நீரைத் தொட்டிக்கே அனுப்பிவிடும்.

ஏமாற்ற நினைப்பவன் மீட்டரைத் தொடவே மாட்டான். மெல்லிய குழாய் ஒன்றில் அதற்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடுப்பான். மீட்டர் நிம்மதியாக இருக்கும். அழுக்கு பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.

பேசிக்கொண்டே, சாயம் ஏற்றுவதற்கான உப்பு மூட்டைகளை நகர்த்தினேன்.

பின்னால் இருந்தது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும், சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைக் குழாய்.

நல்ல வேலை. மேல்தொட்டித் தண்ணீர் வேகமாக இறங்கினால் மீட்டரில் எண் குதிக்கும். பல பேரை நான் அந்தக் குதிப்பை வைத்துத்தான் பிடித்திருக்கிறேன். இங்கே வேகத்தைக் குறைக்க, வளைவுக்கு ஒரு சாண் முன்னால், மிகச் சரியான இடத்தில் சின்ன வால்வு ஒன்று. ஒரு கணம் ரசிக்கத்தான் தோன்றியது.

அந்த வால்வை மூடினேன். சாயநீர் மீட்டருக்குப் போகவேண்டிய பழைய வழியைத் திறந்தேன்.

900. 3400. 6200.

கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து என் காலடியில் விழுந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹரிபாபு பேனாவை மறுபடி திறந்தார். "எவரு போட்டது இந்த பைப்பு? பிளம்பர் மூளை மாதிரி இல்லியே. பேரு சொல்லுங்க, ரிப்போர்ட்ல எழுதணும்."

மாமா கோபப்படவே இல்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் காட்டுவதற்காக நான் கொண்டுபோன, எங்கள் கப்பலின் மெனு அட்டை.

ஹரிபாபு அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பென்சில் படம். கீழே இரண்டு வரி.

"எனக்குத் தமிழ் படிக்க வராது," என்று அட்டையை என்னிடம் நீட்டினார். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

தொட்டி. மீட்டர். மெல்லிய குழாய். வளைவுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி. அதன் நுனியில் என் கையெழுத்து:

'மாமா, இங்கே ஒரு சின்ன வால்வு வைத்துவிட்டால், அப்புறம் நானே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.'