பதினாறாம் நம்பர் வீட்டுக் காஸ்

“நான் காஸை விட்டா இந்தத் தெருவில கனபேர் பட்டினி கிடப்பினம், பிள்ளை!”

பதினாறாம் நம்பர் ஜெயகௌரி இப்படிச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாதங்கியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். லண்டன் மோர்டனில் அந்தத் தெருவில் யார் வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தது, யார் வீட்டுப் பழைய கட்டில் வெளியே போனது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. இன்று மாதங்கியின் பதினாலாம் நம்பர் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு அதிகாரி வருகிறார் என்றால், சீனி கேட்டு வர இதைவிட நல்ல நாள் ஏது?

“பகிடியை விடுங்கோ, அன்ரி,” என்றாள் மாதங்கி. “உங்கட வீட்டில ரெண்டே ரெண்டு பேர். எங்கட வீட்டில அஞ்சு பேர். நாங்க குழாயை வெட்டின இந்த நாப்பது நாளில உங்கட காஸ் பில் ரெண்டு மடங்காகிட்டுது. எங்களுக்குப் பூச்சியம்.”

“அதை ரிப்போர்ட்டில போட்டிட்டியோ?”

“பன்னிரண்டாம் பக்கம். நல்ல வீடு, கூடாத வீடு எண்டு பக்கத்தில பக்கத்தில.”

“என்ர பேரும் போட்டியோ?” ஜெயகௌரியின் குரலில் கோபம் இல்லை, ஆவல்தான்.

“ஜெயகௌரி, உனக்கு வீட்டில வேலை இல்லையே?” என்று மாதங்கியின் அம்மா கனகாம்பிகை கண்ணைக் காட்டினாள். ஜெயகௌரி சீனியையும் மறந்து எழுந்து ஓடினாள்.

லண்டனில் இருந்துகொண்டு, இந்து சமுத்திரத்துக் குட்டித் தீவு நாடு ஒன்றைப் புகையில்லாத நாடாக்குவதுதான் மாதங்கியின் வேலை. நாலு லட்சம் சனம். காஸ் முழுக்கக் கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பலை நிறுத்தி, வெயிலில் கரண்ட் எடுத்து, வீட்டுக்கு வீடு இண்டக்ஷன் அடுப்பு வைப்பது திட்டம். இரண்டு வருட உழைப்பு. கடைசிக் கூட்டத்தில் அந்த நாட்டு அமைச்சர், “முதலில் உங்கள் அம்மா சமைக்கட்டும், பார்ப்போம்,” என்று சிரித்துவிட்டார்.

மாதங்கி அடுத்த கிழமையே வீட்டுக் காஸ் குழாயை வெட்டுவித்தாள். அப்பா குகதாசன் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு வந்ததும் கதைத்தார்.

மகள் வெல்ல வேண்டும் என்பதில் கனகாம்பிகைக்கு மகளைவிடப் பிடிவாதம். புது அடுப்புக்கென்று வாங்கிய உருக்குச் சட்டிகள் நாற்பது நாளாகியும் கடையில் இருந்தது போலவே பளபளத்தன. அப்படி ஒரு துப்புரவு! டிரையரையும் தொடுவதில்லை. மழையோ வெயிலோ, காலையும் மாலையும் உடுப்புக் கூடையோடு வேலியோரக் கொடிப் பக்கம் போய்விடுவாள். மாதங்கி அதையும் பெருமையோடு ரிப்போர்ட்டில் எழுதியிருந்தாள்.

பதினொரு மணிக்கு, அந்த நாட்டு அமைச்சரின் செயலாளர் சுவர்ணா பஸ்ஸில் வந்து இறங்கினார். குடையை மடக்கி வைத்துவிட்டு, ரிப்போர்ட்டைப் புரட்டியவர் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார்.

“உங்கள் திட்டத்தை எங்கள் ஊர் ஒன்றில் சோதித்துப் பார்த்தோம்,” என்றார் இங்கிலீசில். “அந்த ஊரில் காஸ் பூச்சியம். பக்கத்து ஊரில் இரண்டு மடங்கு. ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. காரணம் தெரியாமல் அமைச்சர் கையெழுத்துப் போட மாட்டார். இங்கேயும் அதே கதை. ஏன்?”

“பக்கத்து வீட்டில் விழிப்புணர்வு போதாது,” என்றாள் மாதங்கி.

“அது காரணம் இல்லை, குறை சொல்வது. எனக்குக் காரணம் வேண்டும்.”

மாதங்கியின் இரண்டு வருட உழைப்பும் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“முதல்ல சாப்பிடச் சொல்லு, பிள்ளை,” என்று கனகாம்பிகை ஆவி பறக்கப் புட்டுக் கோப்பையை நீட்டினாள். சுவர்ணா கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். கோப்பை துடைத்த மாதிரி ஆனது.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

கனகாம்பிகை வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “இந்தா வாறன்... உடுப்பை ஒருக்கா எடுத்திட்டு வாறன்,” என்று கூடையைத் தூக்கினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொடியில் ஒரு துணிகூட இல்லை. மாதங்கி மெல்ல அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது.

“கனகாக்கா! ரெண்டாம் ஈடும் அவிஞ்சிட்டுது. கெதியா வாங்குங்கோ, கை சுடுது!”

வேலிக்கு மேலால் ஜெயகௌரியின் இரண்டு கைகளும், அவற்றுக்கிடையே ஆவி பறக்கும் அலுமினியப் புட்டுப் பானை ஒன்றும் எழுந்தன.

“அந்த அடுப்பு அலுமினியத்தைத் திரும்பியும் பாக்குதில்லை, பிள்ளை,” என்றாள் கனகாம்பிகை, மழையில் நனைந்தபடி. “உன்ர புதுச் சட்டிக்கு வாய் அகலம், புட்டுப்பெட்டி உள்ள விழுந்திடுது. நீ வெல்லோணும் எண்டுதான்...”

சுவர்ணாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு இதே பானைதான்!” என்று கைதட்டிச் சிரித்தார். “காரணம் கிடைத்துவிட்டது, எங்கள் சனமும் பக்கத்து ஊரில் போய்த்தான் சமைத்திருக்கிறது. அடுப்புக்கு முதல் பானையை மாற்றுங்கள், அமைச்சரிடம் நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.”

மாதங்கி பேனையை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘கூடாத வீடு’ என்றிருந்ததை வெட்டிவிட்டு, ‘எங்கள் குசினி’ என்று எழுதினாள்.