இருபதுக்குப் பூஜ்யம்

"கரன்ட்டை வடிகட்டிப் பாட்டுக் கேக்கறாராம்! இதுக்குப் பேர்தான் வடிகட்டின முட்டாள்தனம்" என்றார் பேராசிரியர்.

"மெல்லப் பேசுங்கண்ணே, அவர் காதுல விழப் போகுது" என்றாள் தங்கை.

"விழட்டும். அதுக்கும் ஒரு ஃபில்டர் வாங்கிக்கட்டும்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக். வண்டி வாசலில் திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லிவிடுவார் என்று பெயர். வீட்டின் சின்ன அறை முழுக்க அவருடைய பாட்டு சாம்ராஜ்யம்: ஆம்ப்ளிஃபயர், இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு, இப்போது புதிதாக, செருப்புப் பெட்டி அளவில் ஒரு பவர் ஃபில்டர்.

"லிஃப்ட் ஓடறப்ப பாட்டுக்கு அடியில ஒரு இரைச்சல் வருது, மச்சான். இதைப் போட்டா போயிடுது."

"எனக்கு ஒரு இரைச்சலும் கேக்கலையே!"

"உங்களுக்கு வயசு..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பேராசிரியர் முப்பத்தொரு வருஷம் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒண்டிக்கட்டை. குடியிருந்த வாடகை வீடு கைமாறிப் போனதில், பதினான்கு அட்டைப்பெட்டி புத்தகங்களோடு தங்கை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பெட்டிகள் பால்கனியில். அவர் கூடத்து சோபாவில், முழங்காலுக்குக் கீழே சோபாவுக்கு வெளியில்.

"சின்ன ரூமை எடுத்துக்குங்கண்ணே" என்று தங்கை நான்காவது முறையாகக் கேட்டாள்.

"அடுத்தவங்களை நகத்திட்டு உக்கார்ற பழக்கம் எனக்கில்லை. நாளைக்கு லாட்ஜ்ல மாச வாடகைக்கு ரூம் பாக்கப் போறேன்."

"போன வருஷம் பாத்ரூம்ல விழுந்து அரை நாள் கிடந்தீங்களே, யார் வந்து தூக்கினா?"

"அது வேற விஷயம்."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளை சின்ன அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"மச்சான், ஒரு பந்தயம். ஃபில்டர் இருக்கா இல்லையான்னு கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்றேன். தோத்தா செட்டைக் கழட்டிடறேன், ரூம் உங்களுக்கு."

"நான் தோத்தா?"

"இதைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பேராசிரியருக்கு இது கடுமையான நிபந்தனைதான். ஆனாலும் ஒப்புக்கொண்டார். சும்மா கிடைப்பது வேறு, ஜெயித்து எடுப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை. மாப்பிள்ளை கண்ணில் துண்டு. பேராசிரியர் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டினார். தலை விழுந்தால் ஃபில்டர் வழியாக, பூ விழுந்தால் நேராக. அதன்படி சுவிட்சைப் போட்டு, வயலின் அரை நிமிஷம், பதில், நோட்டில் குறிப்பு.

"கொஞ்சம் இருங்க மச்சான், லிஃப்ட் ஓடட்டும்" என்று மாப்பிள்ளை அடிக்கடி இழுத்தடித்தார்.

"எந்த மாணவனும் பேப்பரைக் குடுக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் உத்தரத்தைப் பாப்பான்."

இருபது முறை முடிந்தது. பேராசிரியர் கூட்டிப் பார்த்தார். கூட்ட ஒன்றுமில்லை.

"முட்டை! இருபதுக்கு முட்டை! ஒண்ணுகூடச் சரியில்லை!"

அன்று மாலையே அறை மாறியது. அதன்பிறகு மூன்று மாதம் பேராசிரியர் அந்த முட்டையை அடைகாத்தார். தங்கை ஆம்லெட் போடட்டுமா என்றால், "முட்டைக்கென்ன பஞ்சம், மாப்பிள்ளைதான் வாங்கி வெச்சிருக்காரே" என்பார். சாப்பிட வந்த பணிமனை நண்பர்களிடம் நோட்டையே எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கப் பத்திரிகைக்கு இதைக் கட்டுரையாக எழுத ஒருநாள் உட்கார்ந்தார். தலைப்பு: 'காதும் கற்பனையும்'. மாப்பிள்ளையின் தோல்வி எவ்வளவு அபூர்வமானது என்று எண்ணில் சொல்லிவிட ஆசை.

குருட்டாம்போக்கில் சொல்பவனுக்குக்கூட இருபதில் சுமார் பத்து தேறும். ஒன்றுமே தேறாமல் போக வாய்ப்பு, பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறில் ஒன்று. இருபதும் சரியாகச் சொல்வதற்கும் அதே வாய்ப்புதான்.

பேனா நின்றது.

இருபதிலும் தவற வேண்டுமானால், இருபதுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். தரையில் ஸ்பீக்கர்கள் நின்ற இடம் இரண்டு சதுரங்களாக வெளுத்திருந்தது. நடுவில் தன் நாற்காலி.

கூடத்துக்கு வந்தார். அவருடைய பழைய சோபாவில் மாப்பிள்ளை, செல்போனில், ஒற்றைக் காதில் இயர்போனோடு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு காது சமையலறையில் மனைவி கூப்பிட்டால் கேட்பதற்கு.

"மாப்பிள்ளை, அந்த செட்டு எங்க?"

"பணிமனை ஓய்வறைக்குக் குடுத்துட்டேன் மச்சான். பசங்க ஆசையாக் கேக்கறாங்க. ஏன்?"

பேராசிரியர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு ரெண்டாவது சரியாச் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை இயர்போனைக் கழற்றினார். பிடிபட்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.

"உங்க கணக்கெல்லாம் எனக்கு எங்க தெரியும், மச்சான்? பாதிக்குப் பாதி வந்துட்டா, யாரும் ஜெயிக்கலைன்னு சொல்லிட்டு நீங்க லாட்ஜுக்குக் கிளம்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."