ஐந்தரை மணி போன்

மணி ஐந்து நாற்பது. நேற்றுவரை ஒரு நாளும் தவறாத காண்டிராக்டரின் ஐந்தரை மணி போன் இன்று வரவில்லை. வனத்துறை ரேஞ்சரம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். நல்ல கோடை, ஒரு சிகரெட் துண்டு போதும், சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். புகை எதுவும் தெரியவில்லை. அதனால் மனசு ஆறிவிடவும் இல்லை.

அலுவலக உதவியாளர் சாவிக்கொத்தோடு வந்து, பூட்டலாமா என்று கேட்டார். காண்டிராக்டர் போன் வரவேண்டும் என்றார் ரேஞ்சரம்மா. உதவியாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நமக்கேன் வம்பு என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அரசாங்கக் காட்டில் ஏலத்துக்கு மரம் எடுத்தவர் நினைத்த மாத்திரத்தில் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட முடியாது. எந்த மரம் முதலில், லாரி எந்தத் தடத்தில் இறங்கும், ஓடையை விட்டு எத்தனை அடி தள்ளி வெட்டுவது என்று வேலைத் திட்டம் எழுதிக் கொடுத்து, ரேஞ்சரம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் பதினோராவது விதிதான் காண்டிராக்டருக்குத் தொண்டையில் சிக்கிய முள். ரம்பம் நின்றபிறகு ஓர் ஆள் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது பொறி கனல்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, தினமும் ஐந்தரைக்குள் ஆபீஸுக்குப் போன் செய்து நிலவரம் சொல்ல வேண்டும்.

அறுபது வயதில் தினம் ஆஜர் சொல்ல நான் என்ன பள்ளிக்கூடப் பையனா என்று அன்றைக்கு எகிறினார் மனிதர். இஷ்டமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏலத்தை விட்டுவிடுங்கள் என்று பேனாவை நீட்டினார் ரேஞ்சரம்மா. முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

முதல் வாரம் எண்ணி மூன்றே வார்த்தைதான். புகையில்லை, நெருப்பில்லை, வைக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'ம்'. அவ்வளவோடு சரி.

காவலுக்கு ஆள் போடாமல் காண்டிராக்டரே தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது ரேஞ்சரம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, மனைவி போய் ஆறு வருஷமாகிறது, சீக்கிரம் இறங்கிப் போய்ச் சுவரோடா பேசுவது என்றார். அன்றைக்கு ரேஞ்சரம்மாவால் 'ம்' என்று வைத்துவிட முடியவில்லை. அந்த அம்மாளுக்கும் ஆபீஸுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை மகள் பேசுவாள், அதுவும் பஸ்ஸில் போய்க்கொண்டே.

அதற்கப்புறம் போன் நீண்டது. ரம்பத்தின் சங்கிலி அறுந்தது, முட்டிவலி, ரசத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டது எல்லாம் வந்தன. நாள் முழுக்க உத்தரவு போட மட்டுமே வாய் திறந்த ரேஞ்சரம்மா அந்தப் பத்து நிமிடம்தான் சிரித்துப் பேசினார். கொஞ்ச நாளாக அந்த நிலவரத்தை ஆபீஸ் பதிவேட்டில் ஏற்றுவதையும் விட்டுவிட்டு, தன் சொந்த டைரியில் குறித்து வந்தார்.

மணி ஆறு. ரேஞ்சரம்மாவே போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே.

தனிக்கட்டை மனிதர், எங்கேயாவது விழுந்து கிடந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டான். ரேஞ்சரம்மா ஜீப்பைத் தானே எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்.

காண்டிராக்டரின் மரக்கிடங்கு வழியில்தான் இருந்தது. அதன் மாடியில் ஒற்றை அறை, அதுதான் வீடு. விளக்கு எரிவதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார். ரிட்டயராக இரண்டு வருஷமே பாக்கியிருக்கிற அந்த அம்மாள் படிகளை இரண்டிரண்டாக ஏறியதை யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

காண்டிராக்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பக்கத்திலேயே போன். வாசலில் ரேஞ்சரம்மாவைக் கண்டதும் விருட்டென்று எழுந்து சட்டைப் பொத்தானைத் தேடினார்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"மணி என்ன தெரியுமா?"

"தெரியும்மா."

"பதினோராவது விதி என்ன? சொல்லுங்க."

பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னார். "தெனம் அஞ்சரைக்குள்ள ஆபீஸுக்குப் போன் பண்ணி நிலவரம் சொல்லணும்."

"அப்புறம் ஏன் பண்ணல? நான் பண்ணாலும் எடுக்கல. என்னாச்சோ ஏதாச்சோன்னு பதறியடிச்சுக்கிட்டு ஓடி வர்றேன். இதுக்கு நான் நோட்டீஸ் அனுப்பலாம், தெரியுமில்ல?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. ரேஞ்சரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு தடவை எண்களை அழுத்திவிட்டு, இனியும் என்ன நிலவரம் சொல்வது என்று நாலு தடவையும் வைத்துவிட்டதாகச் சொன்னார் காண்டிராக்டர். பிறகு, அந்த அம்மாள் மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று மெதுவாகச் சொன்னார்.

"வெட்டு முடிஞ்சுது, காட்டைத் திருப்பி ஒப்படைச்சாச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டே இருபத்திமூணு நாளாச்சேம்மா."