காணி வழக்கு

தேவராஜா தமிழில் சொல்வதற்கு முன்பே சத்தியபாமா சிரித்துவிட்டாள்.

டிவியில் பழைய ஹாலிவுட் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேசும்படம் வந்த புதிதில் எடுத்தது. மெல்பேர்னில் ஞாயிறு மத்தியானங்களில் இப்படி எதையாவது தூசி தட்டிப் போடுவார்கள்.

படத்தில் புருஷன் நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறான். ஆபீஸில் வேலை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். மனைவி அவனுடைய கோட்டை முகர்ந்து பார்த்து, "உங்கள் ஆபீஸ் என்ன சென்ட் பூசுகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

அதற்குத்தான் சிரித்தாள். சரியான இடத்தில்.

சத்தியபாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கல்யாணம் முடித்து ஸ்பிரிங்வேலுக்கு வந்து மூன்று வருடம். போன் அடித்தால்கூட எடுக்கமாட்டாள். ஆபீஸிலிருந்து அடிக்கடி வரும், தேவராஜாதான் எடுப்பார். சேர்ச்சில் காசு வாங்காமல் ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டபோது, உமக்கேன் அந்தச் சோலி என்று தடுத்ததும் அவர்தான்.

படம் பார்த்தால் அவர்தான் கதை சொல்வார். சொல்லக்கூடாததை மாற்றியும் சொல்வார்.

இந்தப் படம் கோர்ட்டில் தொடங்கியது. மனைவி விவாகரத்துக் கேட்டு நிற்கிறாள்; பிறகுதான் பழைய கதை. அவர்கள் படம் பார்த்தது எழுபத்தாறாம் ஆண்டு. புதுச் சட்டம் வந்து, இந்த நாட்டில் விவாகரத்துக்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை என்று ஆகியிருந்தது. அந்தச் சொல்லையே வீட்டுக்குள் விட அவருக்கு விருப்பமில்லை.

காணி வழக்கு, நிலத் தகராறு என்றார்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் காணி வழக்கு புதிதா என்ன? ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். புருஷனோடு ஹோட்டலில் ஆடிய பொன்னிறத் தலைக்காரியை, அவனுக்குத் தங்கச்சி முறை என்றார். அதற்கும் ஓம் என்றாள்.

இப்போது சிரிக்கிறாள்.

எவன் சொல்லிக்கொடுத்தான்?

பாஸ்கராகத்தான் இருக்கும். சனிக்கிழமைகளில் சாப்பிட வருகிற யூனிவர்சிட்டிப் பெடியன். அக்கா, அக்கா என்று குசினி வரைக்கும் போவான். ஒரு கத்தரிக்காய்க் குழம்புக்கு அவ்வளவு புகழ்ச்சி எதற்கு? போன கிழமை அவன் ஏதோ சொல்ல, இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே!

அக்காவாம். முறை சொல்லிக்கொண்டு வருகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அவனுக்கு மட்டும் அப்பளம் இரண்டு தரம் பொரித்தது தேவராஜாவுக்கு ஞாபகம் வந்தது. இனி அவன் இந்தப் படி ஏறட்டும் பார்ப்போம்.

"ஆரிட்டை இங்கிலிசு படிச்சனீர்?"

சத்தியபாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களிட்டைத்தான். மூண்டு வருஷமா இந்தக் கதிரையில இருந்து போனில கதைக்கிறியள். நானும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

அப்பாடா, பாஸ்கர் இல்லை. ஒரு கணம் அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்த கணம் போய்விட்டது. இவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்று, அவள் பக்கத்தில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, குரலைக்கூடத் தாழ்த்தாமல் அந்தப் போனில் பேசிய ஒவ்வொரு பேச்சும் காதுக்குள் திரும்பி வந்தது.

போன் அடித்தது.

தேவராஜா அசையவில்லை. சத்தியபாமா எழுந்துபோய் எடுத்தாள். ஹலோ என்றாள். கேட்டாள். ஒன் மினிட் பிளீஸ் என்று பதமாகச் சொல்லி, ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

"உங்கட தங்கச்சி முறை. கதைச்சு முடிச்சுப்போட்டு வாங்கோ, எங்களுக்கு ஒரு காணி வழக்கு இருக்கு."