ஏழாம் நாள் வெந்நீர்

அயல்நாட்டுக் கானோ நகரின் ஒரு சிறு விடுதியில், பம்புசெட் பொருத்த வந்திருந்த வடமலை ஆறு நாட்களாக வெந்நீர் கேட்டுத் தோற்றிருந்தார். வரவேற்பு மேசை அம்மையார் "வருது" என்பார், வராது. புழுதிக் காற்றின் குளிரில் பல் கிட்டியது. எதைக் கேட்கும் முன்னும் மற்றவர்கள் அம்மையாரிடம் நெடுநேரம் நலம் விசாரிப்பதை ஏழாம் நாள்தான் வடமலை கவனித்தார்.

"நல்லாத் தூங்கினீங்களா, ஹாஜியா?" ஹஜ் போய் வந்த பெண்ணை அவ்வூரார் மரியாதையாக அழைக்கும் சொல்லாலேயே அவரும் தொடங்கினார்.

"நல்லாத் தூங்கினேன்."

"பிள்ளைங்க? முழங்கால் வலி? வாசல்ல கட்டின ஆடு?"

"ஆட்டுக்குத்தான் வயிறு சரியில்ல. நேத்து உங்க லுங்கியைத் தின்னுடுச்சு!" அம்மையார் குலுங்கிச் சிரித்து, சமையலறைப் பக்கம் இருமுறை கைதட்டினார். "உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம், ஹாஜியா."

அந்த நிறைவில் வெந்நீர் கேட்கவே மறந்து வடமலை அறைக்குத் திரும்பினார். கதவருகே வாளி ஆவி பறக்க நின்றது. கைப்பிடியில் பெரிய பூப்போட்ட புதுத்துணியொன்று, லுங்கி அளவுக்கு. குளித்து அதை உடுத்திக்கொண்டு, ஆட்டின் எதிரே நிமிர்ந்து நடந்தார்.