நட்ட நடுவில்

"உங்களுக்குக் கை நடுங்குது. ஒத்துக்கோங்க, லாவோ தோங்," என்றாள் மெய்ஷியா, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தோங்குக்குச் சுருக்கென்றது. சோலார் செல்களை லேசரால் சுட்டு, எவ்வளவு சூட்டில் அவை கெடுகின்றன என்று பார்ப்பதுதான் சாங்சுன் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக அவர் பிழைப்பு. கட்டிய மனைவியே கையைக் குறை சொன்னால் யாரிடம் போய் அழுவது?

"ஏழாம் நம்பரை மூலையிலதான் சுட்டேன்."

"கறுப்பு நட்ட நடுவுல இருக்கே! எட்டும் அப்படித்தான்."

சுட்டவர் சேதத்தைப் பார்க்கக் கூடாது, பார்ப்பவருக்கு எதை எப்படிச் சுட்டது என்று முன்கூட்டித் தெரியக் கூடாது. அது அங்கே சட்டம். நம்பர் போட்ட உறைகளை அவர் நீட்டுவார், அவள் பார்த்துச் சொல்வாள். கேமரா பழுதாகிவிட்டதால் இந்த வாரம் எல்லாமே நுண்ணோக்கியில் அவள் வைக்கும் ஒற்றைக் கண் வழியாகத்தான். அவள் சொன்னால் அதில் மயிரிழை பிசகாது.

போன செவ்வாய்க்கிழமைகூடக் குறி சரியாக இருந்ததே! லேசர் விழும் இடத்தைக் காட்டும் அட்டையில் புள்ளி மங்கலாகத் தெரிகிறதென்று, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்து அவள்தானே சொன்னாள்? "பளபளக்குற செல்லுக்கு எதிர்ல இதென்ன விளையாட்டு? ஒளி திரும்பிக் கண்ணுல அடிச்சா?" என்று அவர் அதட்டியதற்கு, "எனக்கு ஒண்ணும் ஆகல, போங்க" என்று சிரித்தாளே!

தோங் கழுத்திலிருந்த லேசர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திங்கட்கிழமை இதைக் குடுத்துடறேன். வேற யாராவது சுடட்டும்."

மெய்ஷியா பதறிப்போய் நிமிர்ந்தாள்.

"அட, கோவிச்சுக்கிட்டீங்களா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன் நான். புளிச்ச முட்டைக்கோஸ் வச்சு ஜியாவ்ஸி கொழுக்கட்டை கொண்டாந்திருக்கேன், சாப்பிட்டுப் பேசலாம். இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுடறேன்."

ஒன்பதாவது உறையைப் பிரித்துச் செல்லை வைத்தாள். குனிந்தாள்.

"இதுவும் நடுவுலதாங்க," என்றாள், அவருக்கு வலிக்கக் கூடாதென்று மெதுவாக. "அதே அளவு. அச்சு அசல் அதே புள்ளி."

தோங் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"மெய்ஷியா, இடது கண்ணால பாரு."

"எதுக்கு? நான் எப்பவும் வலது கண்ணாலதானே..."

"பாரு, சொல்றேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உடனே சின்னப்பிள்ளை மாதிரிக் கைகொட்டினாள்.

"அட, புள்ளியைக் காணோமே! சுத்தமா இருக்கு. உங்க கை மேல ஒரு குத்தமும் இல்லைங்க, லாவோ தோங்! சாவியை எடுத்து மாட்டுங்க முதல்ல!"

தோங் கைகளைப் பார்த்தார். இப்போதுதான் அவை நிஜமாகவே நடுங்கின. அவள் தோளைத் தொட்டார்.

"ஒன்பதாவது, ஒப்புப் பார்க்க வச்ச புது செல்லும்மா. அதை நான் சுடவே இல்ல."